துரை தமிழ் படித்தார், நம் பிள்ளை எந்த மொழி படிப்பது? வணிகக் கல்வியோடு ஓர் அந்நிய மொழி

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு நினைவிருக்கும். விடிவதற்கு முன்னே பிரட்டுக்களத்தில் ஆள் சேர்ந்துவிடும். வெள்ளைக்காரத் துரை வந்து நின்று கங்காணியிடமும் தண்டலிடமும் தமிழில் பேசுவார். உடைந்த தமிழ்தான், மரியாதையும் குறைவான தமிழ்தான். ஆனாலும் எத்தனை பேர் வேலைக்கு வந்தார்கள், எந்த வெளியில் பால் குறைந்தது, ஏன் குறைந்தது என்பதையெல்லாம் அவர் கிராணியின் உதவி இல்லாமல் தமிழிலேயே கேட்டுத் தெரிந்துகொள்வார்.

அவர்களில் பெரும்பாலோர் தமிழ்மேல் காதல் கொண்டு படித்தவர்கள் அல்லர். தொழில் கேட்டது, படித்தார்கள். 1919-இல் தொடங்கிய தோட்ட அதிகாரிகள் சங்கம் தமிழிலும் மலாயிலும் தேர்வு நடத்தியது. கப்பலில் வந்து இறங்கிய சின்னத் துரைகள் அந்தத் தேர்வுகளை எழுதினார்கள். 1905-இல் மலாயாவுக்கு வந்த ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர், கிள்ளான் பக்கம் தோட்டத் தொழில் பழகியபோதே மலாயும் தமிழும் கற்றுக்கொண்டார். இந்த நாட்டில் வணிக முறையில் செம்பனை முதன்முதலாக நடப்பட்டது 1917-இல், கோலசிலாங்கூர் வட்டாரத்தில், அவருடைய ஏற்பாட்டில்தான். அந்தத் தோட்டத்தின் பெயர் 'தென்னமரம்'. பெயரே தமிழ்!

தொழில் தெரிந்த ஒருவர் எதிராளியின் மொழியையும் கற்றுக்கொண்டால் என்ன நடக்கும் என்பதை நம் தாத்தா பாட்டிகள் மறுபக்கத்தில் நின்று பார்த்தவர்கள். இப்போது அதே கணக்கை நம் பிள்ளைகளுக்காகப் போட்டுப் பார்க்கும் நேரம் வந்திருக்கிறது.

இதை எழுத ஒரு காரணம் உண்டு. சில மாதங்களுக்கு முன், கோயில் திருவிழாவில் பழைய தோட்டத்துப் பெண் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். கணவர் லாரி ஓட்டுகிறார், இவர் பள்ளிக்கூடச் சிற்றுண்டிச் சாலையில் வேலை. மகள் எஸ்டிபிஎம் நன்றாகச் செய்திருக்கிறாள். "அண்ணே, யூபியூவுல என்ன போடுறதுன்னு தெரியல. அவ ஜப்பான் மொழி படிக்கணும்னு நிக்கிறா. அவ அப்பா, மொழி படிச்சா சோறு போடுமா, அக்கவுண்ட்ஸ் படின்னு சொல்றாரு. நீங்க ஜப்பான்காரன் கம்பெனியில இருந்தவர்தானே, சொல்லுங்க," என்றார்.

நான் சிலாங்கூரில் ஒரு ஜப்பானிய உதிரிபாகத் தொழிற்சாலையில் கொள்முதல் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவன். அப்பா சொல்வதும் சரி, மகள் சொல்வதும் சரி என்று அங்கேயே சொன்னேன். அவர் நம்பவில்லை. ஒரு பதில் கேட்டால் இரண்டைச் சொல்கிறாரே என்று நினைத்திருப்பார். அதனால் விளக்கமாகவே எழுதிவிடுகிறேன்.

மொழி மட்டும் தெரிந்தவர் மாட்டிக்கொள்ளும் இடம்

எங்கள் பிரிவில் நடந்த ஒரு சம்பவம். ஜப்பானில் இருந்த ஒரு விற்பனையாளரிடம் நாங்கள் பணம் கட்டும் தவணையை 60 நாளிலிருந்து 90 நாளாக நீட்டிக் கேட்டிருந்தோம். பதில் ஜப்பானிய மொழியில் வந்தது. புதிதாகச் சேர்ந்த ஒரு பட்டதாரி, மொழியில் கெட்டிக்காரர், அதை மொழிபெயர்த்தார்: "பரிசீலிக்கிறோம் என்று எழுதியிருக்கிறார்கள்." நாங்களும் காத்திருந்தோம். மூன்று வாரம் போயிற்று. அந்த மாதக் கணக்கை முடிக்கும்போது பணம் இறுக்கிவிட்டது.

வெளியூர் போயிருந்த மூத்த அதிகாரி ஒருவர் திரும்பி வந்து அந்தக் கடிதத்தைப் பார்த்தார். அவர் கணக்கியல் படித்துவிட்டு ஜப்பானிய மொழியைக் கற்றவர். சிரித்துவிட்டார். "கெந்தோ ஷிமாஸ்" என்ற அந்தச் சொல்லுக்கு அகராதியில் 'பரிசீலிக்கிறோம்' என்பதுதான் பொருள். ஆனால் விலை பேசும் இடத்தில், தேதி எதுவும் சொல்லாமல் அது வந்தால், பெரும்பாலும் 'முடியாது' என்பதை மரியாதையாகச் சொல்லும் வழி. அவர் அன்றே வேறு ஒரு யோசனையை எழுதி அனுப்பினார். தவணை வேண்டாம், கொள்முதல் அளவைக் கூட்டுகிறோம், விலையைக் குறையுங்கள் என்று. அது நடந்தது.

இருவருக்கும் ஜப்பானிய மொழி தெரியும். இளையவருக்கு உச்சரிப்பு இன்னும் சுத்தம் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் விற்பவன் ஏன் தவணையை நீட்டமாட்டான், நீட்டாதவனிடம் வேறு எதைக் கேட்கலாம் என்பது மொழி வகுப்பில் வராத பாடம்.

இப்படி ஒவ்வொரு மொழியிலும் உண்டு. சீனாவோடு வியாபாரம் செய்பவர்களுக்கு 'ஃபாபியாவ்' என்ற சொல் தெரியும். அகராதி பார்த்தால் ரசீது அல்லது விலைப்பட்டியல் என்று இருக்கும். உண்மையில் அது வரித்துறையின் கட்டுப்பாட்டில் இருக்கும் அதிகாரபூர்வ ஆவணம். அது கையில் இல்லாவிட்டால், சாதாரண ரசீதை வைத்துக்கொண்டு அங்குள்ள நிறுவனம் செலவுக் கணக்குக் காட்டுவது கஷ்டம். ஜெர்மன் விலைப்பட்டியலின் கீழே 'ஸ்கொன்டோ' என்று ஒரு வரி இருக்கும். குறிப்பிட்ட நாளுக்குள் பணம் கட்டினால் 2 அல்லது 3 விழுக்காடு கழிவு என்று அர்த்தம். அதைக் கவனிக்காமல் விட்டால் நிறுவனத்தின் பணம் போகும். பிரெஞ்சில் 'ஷிஃப்ர் தஃபேர்' என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'விவகார எண்' என்று ஏதோ வரும். அது ஆண்டு விற்பனைத் தொகை.

வணிகம் மட்டும் தெரிந்தவர் நிற்கும் இடம்

இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். வணிக நிர்வாகப் பட்டதாரிகள் நம் நாட்டில் ஆண்டுதோறும் பல ஆயிரம் பேர் வெளிவருகிறார்கள். அரசுப் பல்கலைக்கழகம், தனியார் பல்கலைக்கழகம், கல்லூரி என்று எங்கு பார்த்தாலும் வணிகப் படிப்பு இருக்கிறது. வேலைக்கு மனுப் போடும்போது நம் பிள்ளையின் தாளும் அடுத்தவர் தாளும் ஒரே மாதிரி இருக்கும். மலாய் தெரியும், ஆங்கிலம் தெரியும், கணினி தெரியும். அதற்கு மேல் என்ன?

அந்த 'மேல்' எங்கே கேட்கப்படுகிறது என்றும் தெரிந்துகொள்ள வேண்டும். 1982-இல் கிழக்கை நோக்கும் கொள்கை வந்தபோது ஜப்பானும் கொரியாவும் நம் பேச்சில் அதிகம் அடிபட்டன. ஆனால் அதற்கு முன்பே, 1965-இல், மட்சுஷிட்டா ஷா ஆலத்தில் கால் வைத்துவிட்டது. ஜெர்மனியின் பி.பிரவுன் 1972 முதல் பினாங்கில் இருக்கிறது. கூலிமில் இன்ஃபினியன் இருக்கிறது. இந்த ஆலைகளின் தளத்தில் நடக்கும் வேலை மலாயிலும் ஆங்கிலத்திலும்தான். ஜெர்மன் தெரிந்தால்தான் உள்ளே விடுவார்கள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தலைமையகத்தோடு பேசும் கொள்முதல், நிதி, தரக்கட்டுப்பாடு, திட்ட ஒருங்கிணைப்பு போன்ற சில நாற்காலிகளில்தான் அந்த மொழிக்கு மதிப்பு. அந்த நாற்காலிகள் குறைவு. ஆனால் அவற்றுக்குப் போட்டியிடும் ஆளும் குறைவு.

இன்னொரு வாசல், 1996-இல் மல்டிமீடியா சூப்பர் காரிடார் தொடங்கியதற்குப் பின் சைபர்ஜெயா, கோலாலம்பூர், பினாங்கு பக்கம் பெருகிய பகிர்வுச் சேவை மையங்கள். பல நாடுகளில் கிளை வைத்திருக்கும் நிறுவனங்கள் தங்கள் கணக்கு, சம்பளப் பட்டுவாடா, வாடிக்கையாளர் சேவை ஆகியவற்றை இங்கிருந்து நடத்துகின்றன. ஜப்பானியம், கொரியம், மாண்டரின், ஜெர்மன், பிரெஞ்சு தெரிந்தவர்களைத் தேடி இவை விளம்பரம் செய்கின்றன. மொழிக்கென்று தனி அலவன்ஸ் கொடுப்பதும் உண்டு.

இங்கேதான் ஓர் எச்சரிக்கை. மொழி மட்டும் தெரிந்து உள்ளே போகிறவரைத் தொலைபேசி எடுக்கும் மேசையில் உட்கார வைப்பார்கள். ஐரோப்பிய நேரம் என்றால் இரவு வேலை. ஆரம்பச் சம்பளம் ஊரில் சொல்லிக்கொள்ளும்படி இருக்கும், ஆனால் ஐந்து வருடம் கழித்தும் அதே மேசை. கணக்கியலும் தெரிந்தவர் அதே கட்டடத்தில் பேரேட்டு வேலைக்குப் போவார், பிறகு அறிக்கை, பிறகு ஒரு குழுவுக்குத் தலைமை. என் அக்கம் பக்கத்தில் இரண்டு விதமான பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். லாரி ஓட்டும் அந்த அப்பாவின் கவலை வெறும் பழைய காலத்துக் கவலை அல்ல.

இப்போது கைபேசியே மொழிபெயர்க்கிறதே என்று சிலர் கேட்பார்கள். ஆமாம், சாதாரணக் கடிதத்தை அது நன்றாகவே பெயர்க்கிறது. அதனால்தான் கடிதம் பெயர்ப்பதை மட்டும் தொழிலாக நம்பிப் படிப்பது ஆபத்து என்கிறேன். 'பரிசீலிக்கிறோம்' என்று கைபேசியும் சரியாகவே பெயர்த்திருக்கும். நாங்களும் மூன்று வாரம் காத்திருந்திருப்போம்.

126 மணி நேரம் எவ்வளவு தூரம் கொண்டுபோகும்?

பெற்றோர்கள் அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்தான். "என் மகன் யூனிவர்சிட்டியில் பிரெஞ்சும் எடுக்கிறான்" என்று பெருமையாகச் சொல்வார்கள். எவ்வளவு எடுக்கிறான் என்று கேட்க வேண்டும்.

பல்கலைக்கழகத்தில் விருப்பப் பாடமாக ஒரு மொழியை எடுத்தால் வாரம் 3 மணி நேரம், ஒரு தவணைக்கு 14 வாரம். ஆக 42 மணி. மூன்று நிலை முடித்தால் 126 மணி. இதை வைத்துக்கொண்டு அந்த நாட்டுப் பாசார் மாலாமில் விலை கேட்கலாம், பெயர் ஊர் சொல்லலாம், வழி விசாரிக்கலாம். ஐரோப்பிய அளவுகோலில் ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு படி உண்டு. 126 மணியில் முதல் படி ஏறலாம், இரண்டாம் படியில் கால் வைக்கலாம். அலுவலகத்தில் உட்கார்ந்து மறுத்துப் பேச, ஒப்பந்தத்தைப் படித்துச் சந்தேகம் கேட்க, பி2 வேண்டும்.

அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப்பள்ளி தன் தூதரக அதிகாரிகளுக்கு ஒரு கணக்கு வைத்திருந்தது. ஆங்கிலம் பேசுபவர் அலுவல் அளவில் தேற, பிரெஞ்சுக்கு 600 முதல் 750 வகுப்பு மணி, மலாய்க்கும் ஜெர்மனுக்கும் ஏறக்குறைய 900, தமிழுக்கு 1,100. ஜப்பானியம், மாண்டரின், கொரியம், அரபு ஆகிய நான்குக்கும் 2,200. தமிழையும் மலாயையும் நம் பிள்ளைகள் வீட்டிலும் பள்ளியிலும் முடித்துவிட்டுத்தான் பல்கலைக்கழகத்துக்குப் போகிறார்கள். அந்த 2,000 மணி நேரத்தை யாரும் நம் சான்றிதழில் எழுதித் தருவதில்லை, அது வேறு விஷயம்.

126 எங்கே, 2,200 எங்கே? இந்த இடைவெளியைப் பல்கலைக்கழகம் நிரப்பித் தராது, பிள்ளைதான் நிரப்ப வேண்டும். நாளுக்கு ஒன்றரை மணி, ஆண்டுக்கு 300 நாள் என்றால் 450 மணி. நான்கு ஆண்டில் 1,800. வகுப்பு 126-ஐயும் சேர்த்து, ஒரு தவணை அந்த நாட்டுக்கு மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் போய் வந்தால் கிட்டத்தட்ட வந்துவிடும். நடக்காத காரியம் அல்ல. ஆனால் முதலாண்டிலேயே தொடங்க வேண்டும், நடுவில் மொழியை மாற்றக்கூடாது. இந்த வருடம் கொரிய நாடகம் பார்த்துக் கொரியம், அடுத்த வருடம் தோழி சொன்னாள் என்று ஸ்பானியம் என்று போனால் எதிலும் இரண்டாம் படி தாண்டாது.

வீட்டில் இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. எந்தத் தேர்வு எழுதினாய் என்று கேளுங்கள். ஜப்பானியத்துக்கு ஜேஎல்பிடி. எளிதான என்5-இல் தொடங்கி என்1 வரை ஐந்து நிலை. அலுவலக வேலைக்கு என்2 கேட்பார்கள், சில இடங்களில் என்3. கொரியத்துக்கு டோபிக், சீனத்துக்கு எச்எஸ்கே. பிரெஞ்சுக்குக் கீழ் நான்கு படிகள் டெல்ஃப், மேல் இரண்டு டால்ஃப். வணிக ஜப்பானியத்துக்கென்றே பிஜேடி என்று தனித் தேர்வும் இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் 'ஏ' கிரேடை விட இந்தத் தாளைத்தான் முதலாளி பார்ப்பார்.

எந்த மொழியை எடுப்பது?

தமிழ் இலக்கணம் ஒழுங்காகப் படித்த பிள்ளைக்கு ஜப்பானியமும் கொரியமும் பேச்சில் அவ்வளவு அந்நியமாக இருக்காது. "நான் நேற்று கடையில் மீனை வாங்கினேன்" என்பதை ஜப்பானியர் "வத்தாஷி வா கினோ மிசே தே சகானா ஓ கைமாஷ்தா" என்பார். நான், நேற்று, கடை-இல், மீன்-ஐ, வாங்கினேன். சொல் வரிசை அப்படியே நம்முடையது. வேற்றுமை உருபும் பெயருக்குப் பின்னால்தான் வருகிறது, வினை கடைசியில்தான் நிற்கிறது. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் தலைகீழாக நின்று கற்பதை நம் பிள்ளை நேராக நின்று கற்கும். சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் இதைப் பார்த்துவிட்டுத் தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவே உண்டு என்று நூல்கள் எழுதினார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்கவில்லை. உறவு இருக்கட்டும் இல்லாவிட்டால் போகட்டும், வரிசை ஒத்துப்போவது நமக்கு லாபம்.

கஷ்டம் எழுத்தில் இருக்கிறது. ஹிரகானா, கத்தகானா இரண்டும் போக, ஜப்பான் அரசு பொதுப் பயன்பாட்டுக்கு வகுத்த கஞ்சி எழுத்து மட்டும் 2,136. கொரிய எழுத்தை ஒரு வாரத்தில் கற்றுவிடலாம், சொற்களஞ்சியத்தில்தான் நாள் பிடிக்கும்.

மாண்டரினைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. வேலை விளம்பரத்தில் 'மாண்டரின் தெரிந்திருக்க வேண்டும்' என்ற வரியைப் பார்த்ததும் நம் பிள்ளைகள் பலர் அடுத்த பக்கம் புரட்டிவிடுகிறார்கள். சில இடங்களில் அது இனத்தைச் சொல்லாமல் சொல்லும் வழி என்பதும் நமக்குத் தெரியும். ஆனால் எல்லா இடத்திலும் அப்படி அல்ல. சீனாவின் விற்பனையாளரோடு பேச உண்மையாகவே ஆள் தேவைப்படும் நிறுவனங்கள் இருக்கின்றன. சீனப்பள்ளியில் ஆறு வருடம் படித்த நம் பிள்ளைகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களில் பலர் இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் அந்த மொழியை விட்டுவிடுகிறார்கள். ஆறு வருடத்து எழுத்துப் பயிற்சி கண்முன்னே கரைகிறது. உங்கள் வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், எந்த அந்நிய மொழி என்று யோசிக்கவே தேவையில்லை. எச்எஸ்கே எழுத வையுங்கள், வணிகத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த பிள்ளை பல்கலைக்கழகத்தில் முதன்முதலாக மாண்டரினைத் தொட்டு, நான்கு ஆண்டில் சீனப்பள்ளியில் படித்தவரோடு போட்டியிடுவது சிரமம். முடியாது என்று சொல்லமாட்டேன். ஆனால் அதே உழைப்பை ஜப்பானியத்திலோ ஜெர்மனிலோ போட்டால், அங்கே எல்லாரும் ஒரே கோட்டிலிருந்து ஓடுகிறார்கள்.

எங்கே, எப்படிப் படிக்கலாம்?

உள்நாட்டில் இரண்டு வழி. முதல் வழி, வணிகத்தை முதன்மைப் பாடமாக எடுத்து மொழியைத் துணையாகக் கொண்டுபோவது. 1984-இல் தொடங்கி இப்போது சிந்தோக்கில் இருக்கும் யுயுஎம், நிர்வாகப் படிப்புக்கென்றே அமைந்த பல்கலைக்கழகம். மலாயாப் பல்கலைக்கழகம், பினாங்கு யுஎஸ்எம் போன்றவற்றிலும் வணிகப் படிப்போடு அந்நிய மொழிப் பாடங்களை எடுக்க இடமுண்டு. மேலே சொன்ன 126 மணிக் கணக்கு இந்த வழிக்குத்தான். மீதியை வெளியே தேட வேண்டும். கோலாலம்பூரில் ஜப்பான் அறக்கட்டளை, கெத்தே கழகம், அலியான்ஸ் ஃபிரான்சேஸ் ஆகியவை இருக்கின்றன. அலியான்ஸுக்குப் பினாங்கிலும் நிலையம் உண்டு. ஊர் தூரம் என்றால் இணைய வகுப்பும் இருக்கிறது.

இரண்டாவது வழி, மொழியை முதன்மையாக எடுத்து வணிகத்தைச் சேர்ப்பது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் மொழிகள், மொழியியல் புலத்தில் ஜப்பானியம், சீனம், அரபு, பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம், இத்தாலியம் ஆகியவற்றோடு நம் தமிழும் பட்டப்படிப்பாக இருக்கிறது. அதே பல்கலைக்கழகத்தின் கிழக்காசிய ஆய்வுத் துறையில் ஜப்பான், சீனா, கொரியா ஆகிய நாடுகளின் பொருளாதாரத்தையும் சமூகத்தையும் மொழியோடு சேர்த்துப் படிக்கலாம். செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகம் அரபு, சீனம், பிரெஞ்சு, ஜெர்மன் ஆகியவற்றில் பட்டம் தருகிறது. எந்த ஆண்டு எதற்கு இடம் திறக்கிறார்கள் என்பதை யூபியூ பக்கத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த வழியில் போகிறவர்கள் கணக்கியல் அடிப்படை, வணிகச் சட்டம், சந்தையியல் ஆகியவற்றை விருப்பப் பாடமாகக் கேட்டு வாங்க வேண்டும். தொழிற்பயிற்சியை மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் செய்யாமல் ஒரு நிறுவனத்தின் கொள்முதல் அல்லது நிதிப் பிரிவில் செய்தால் நல்லது.

என் விருப்பத்தைக் கேட்டால், குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வரும் பிள்ளைக்கு முதல் வழி. மொழி பாதியில் நின்றாலும் கையில் ஒரு தொழில் இருக்கும். மொழியில் உண்மையான வெறி இருக்கும் பிள்ளைக்கு இரண்டாவது வழியைத் தடுக்கவேண்டாம். ஆனால் வெறி இருக்கிறதா, நாடகம் பார்க்கும் ஆசை மட்டும்தானா என்பதைப் பல்கலைக்கழகம் திறப்பதற்கு முந்திய விடுமுறையிலேயே கண்டுபிடித்துவிடலாம். அந்த எழுத்தைத் தானாக உட்கார்ந்து கற்றுக்கொண்டதா என்று பாருங்கள்.

தனியார் கல்லூரியில் 'வணிகமும் மொழியும்' என்று பெயர் வைத்த படிப்புக்கு பிடிபிடிஎன் கடன் எடுத்துச் சேர்க்கப் போகிறீர்களா? கையெழுத்துப் போடுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். மொத்தம் எத்தனை மணி நேர மொழி வகுப்பு? முடிக்கும்போது எந்த நிலை? எந்த வெளித்தேர்வு எழுத வைப்பீர்கள்? மூன்றுக்கும் எண்ணாகப் பதில் வராவிட்டால் அந்தப் பெயருக்காகக் கடன்பட வேண்டாம்.

சிங்கப்பூரில் இருக்கும் வாசகர்களுக்கு வழி இன்னும் சற்று நேரானது. அங்கே தகுதி பெறும் மாணவர்கள் உயர்நிலை ஒன்றிலேயே கல்வி அமைச்சின் மொழி நிலையத்தில் பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பானியத்தை மூன்றாம் மொழியாகத் தொடங்க முடிகிறது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் மொழிக்கல்வி நிலையம் தமிழ் உட்பட 13 மொழிகளைக் கற்பிக்கிறது.

கடல் தாண்டிப் போகும் வழி

வணிகத்தையே அந்த மொழியில் படிப்பதுதான் இரண்டையும் ஒன்றாகக் கட்டும் முழுமையான வழி. செலவுதான் பயமுறுத்தும். ஆனால் உபகாரச் சம்பளம் இருக்கிறது.

ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் இளங்கலை உபகாரச் சம்பளத்துக்கு ஜப்பானியத் தூதரகம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். பொதுவாக ஐந்து ஆண்டு. முதலாண்டு முழுக்க ஜப்பானிய மொழி, பிறகு நான்காண்டு பட்டப்படிப்பு ஜப்பானிய மொழியிலேயே. வணிக நிர்வாகம், பொருளாதாரம் படிக்க விரும்புகிறவர்களுக்கும் தேர்வில் கணிதம் உண்டு. இதைத் தெரியாமல் கணிதத்தை விட்டுவிட்ட பிள்ளைகள் பிறகு வருத்தப்படுகிறார்கள். கொரிய அரசின் ஜிகேஎஸ் உபகாரச் சம்பளமும் இதே மாதிரி ஓராண்டு மொழி, நான்காண்டு பட்டம். மொழியாண்டு முடிவில் டோபிக் 3-ஆம் நிலை வந்தால்தான் பல்கலைக்கழகத்துக்குள் விடுவார்கள்.

ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் இளங்கலைக்குப் படிப்புக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பேர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் தவணைக்கு 1,500 யூரோ வாங்குகிறது. 'இலவசம்' என்ற சொல்லைக் கேட்டு உடனே கிளம்பிவிடக்கூடாது. விசாவுக்கு ஓராண்டு வாழ்க்கைச் செலவை முன்கூட்டியே வங்கியில் பூட்டிக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து அது 11,904 யூரோ. நம் வெள்ளிக்கு மாற்றினால் ஒரு சிறு கார் விலை. எஸ்பிஎம் மட்டும் போதாது. ஜெர்மன் மொழியிலேயே வணிகம் படிக்க சி1 அளவு கேட்கும் பல்கலைக்கழகங்களே அதிகம்.

பணக்கார நாட்டு வணிகப் பள்ளிகளும் இதை வெகுநாள் முன்பே உணர்ந்துவிட்டன. அமெரிக்காவின் வார்ட்டன் வணிகப் பள்ளியில் 1983-இல் தொடங்கிய லாடர் நிலையம், எம்பிஏவோடு ஒரு நாட்டின் மொழியையும் சமூகத்தையும் சேர்த்துப் படிக்க வைக்கிறது. ஆங்கிலம் தாய்மொழியாக இருப்பவர்களே இப்படி மெனக்கெடுகிறார்கள்.

அந்தப் பெண்ணின் மகள் கடைசியில் கணக்கியலை முதலாவதாகப் போட்டாள். மொழியை விடவில்லை. அப்பாவும் அவளும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்திருக்கிறார்கள்: ஜேஎல்பிடி டிசம்பர் தேர்வில் என்5 எழுதித் தேறினால், அடுத்த நிலைக்கான வகுப்புக் கட்டணத்தை அவர் கட்டுவார். போன வாரம் அந்த அம்மா மறுபடி அழைத்தார். "அண்ணே, அந்த ஹிரகானா எழுத்து 46-ஐயும் பார்க்காம எழுத அவளுக்கு மூணு வாரம் ஆச்சு. அது ரொம்ப மெதுவா?"

இல்லைம்மா, சரியான வேகம்தான் என்றேன். கத்தகானாவை இரண்டு வாரத்தில் முடிக்கச் சொல்லியிருக்கிறேன்.